ஆக்குவதும் அழிப்பதும் ஆக்சிஜன்

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புற்றுநோய்ச் செல்லுக்குள் நிகழும் ஆக்சிஜனேற்ற அழுத்தம். இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். தலைப்பைக் கேட்டதும், இது ஆய்வுக்கூடத்துச் சங்கதி, நமக்கென்ன என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். ஆன்டிஆக்சிடன்ட் என்று பளபளப்பாக அச்சிட்ட மாத்திரை அட்டை ஒன்று அதில் இருக்கும். உறவினர் யாராவது கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தால், அவருக்கும் அதில் இரண்டு அட்டை வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அன்பினால்தான் கொடுத்திருப்பீர்கள். அந்த அன்பு நோயாளிக்கு நன்மை செய்கிறதா, நோய்க்கு நன்மை செய்கிறதா? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடத்தான் இன்று உங்களைச் செல்லுக்குள் அழைத்துப் போகப் போகிறேன்.

முதலில், நாம் சுவாசிக்கும் காற்றிலிருந்து தொடங்குவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறார். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 350 லிட்டருக்கு மேல் வருகிறது. இவ்வளவும் எங்கே போகிறது? நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறது. நாம் உண்ட சோற்றிலிருந்தும் பருப்பிலிருந்தும் பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள் அங்கே ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குக் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் வந்து சேர்கின்றன. ஆக்சிஜன் நீராக மாறுகிறது. அந்தக் கைமாற்றத்தில் கிடைக்கும் ஆற்றலில்தான் நீங்கள் கேட்கிறீர்கள், நான் பேசுகிறேன்.

ஆனால் எல்லா எலக்ட்ரானும் கடைசிவரை ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. ஒரு சிறு பங்கு வழியிலேயே கசிந்து, பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனில் ஒட்டிக்கொள்கிறது. அப்படிப் பிறப்பதுதான் சூப்பராக்சைடு. சூப்பராக்சைடிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு இரும்பு அயனியைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கிறது. மூன்றிலும் கொடியது இந்தக் கடைசிப் பிள்ளைதான். அதன் ஆயுள் ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவே. அதற்குள் எதிரே என்ன இருக்கிறதோ அதைக் கடித்துவிட்டுத்தான் மறைகிறது. கொழுப்பு இருந்தால் கொழுப்பு, புரதம் இருந்தால் புரதம், டி.என்.ஏ. இருந்தால் டி.என்.ஏ.

அப்படியானால் நாம் எப்படி உயிரோடு இருக்கிறோம்? நல்ல கேள்வி. அதற்கு விடையை நான் சொல்லப் போவதில்லை, காட்டப் போகிறேன்.

இதோ, இந்த மேசையைப் பாருங்கள். மருந்துக்கடையில் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடு, புண் கழுவ வைத்திருப்போமே, அதே பாட்டில். பக்கத்தில் இரண்டு உருளைக்கிழங்குத் துண்டுகள். ஒன்று பச்சை, இன்னொன்று நன்றாக வேகவைத்து ஆறவைத்தது. பச்சைத் துண்டின் மேல் சில சொட்டு விடுகிறேன். நுரைக்கிறது பாருங்கள்! பொங்கிப் பொங்கி வெள்ளையாக நுரைக்கிறது. பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? அந்த நுரை முழுக்க ஆக்சிஜன். இப்போது வெந்த துண்டின் மேல் அதே சொட்டுகளை விடுகிறேன். சொட்டு அப்படியே தேங்கி நிற்கிறது. நுரை இல்லை.

ஏன்? பச்சைக் கிழங்கின் செல்களில் கேட்டலேஸ் என்ற நொதி உயிர்ப்போடு இருக்கிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடுகிறது. ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு வினாடியில் பல லட்சக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளை உடைக்க வல்லது. வேகவைத்தபோது அந்த நொதி சிதைந்துவிட்டது. காப்பு போய்விட்டது. கிழங்குக்கு இருக்கும் இதே காப்பு உங்கள் கல்லீரலுக்கும் இருக்கிறது, உங்கள் ரத்தத்துக்கும் இருக்கிறது. புண்ணில் இந்த மருந்தை ஊற்றினால் நுரைப்பதும் இதனால்தான்.

கேட்டலேஸ் மட்டுமா? 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டு, இர்வின் ஃபிரிடோவிச் இருவரும் சூப்பராக்சைடை அடக்கும் நொதியைக் கண்டுபிடித்தார்கள். சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ் என்று அதற்குப் பெயர். குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு ஒவ்வொரு செல்லிலும் நிறைந்து கிடக்கிறது. இப்படி ஆக்சிஜனேற்றத்தை அடக்கும் பொருள்களைத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்கிறோம். உடம்பு தனக்கு வேண்டிய ஆன்டிஆக்சிடன்ட்களில் பலவற்றைத் தானே செய்துகொள்கிறது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கடையில் வாங்கித்தான் நிரப்ப வேண்டும் என்ற நிலையில் இயற்கை நம்மைப் படைக்கவில்லை.

இன்னொன்றையும் இருத்திக்கொள்ளுங்கள். சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற இந்த ஆக்சிஜன் சேர்மங்கள் வெறும் கழிவு அல்ல. கிருமி நுழைந்தால் நம் வெள்ளை அணுக்கள் சூப்பராக்சைடைப் பொழிந்துதான் அதைக் கொல்கின்றன. அதைச் செய்ய முடியாத மரபுக் குறையோடு பிறக்கும் குழந்தைகள் மாறி மாறித் தொற்றுநோயில் வாடுகிறார்கள். சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லுக்குள் செய்தி சொல்லவும் பயன்படுகிறது. வளர், பிரி, புண்ணை ஆற்று என்ற கட்டளைகள் பலவும் அதன் வழியாகப் போகின்றன.

நெல் வயலை எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் பயிர் கருகும். தண்ணீர் அளவோடு நின்றால் பயிர் செழிக்கும். வரப்புக்கு மேல் வெள்ளம் ஏறினால் பயிர் அழுகும். செல்லுக்கு இந்த ஆக்சிஜன் சேர்மங்கள் அப்படித்தான். தண்ணீர் வரத்துக்கும் வடிகாலுக்கும் உள்ள கணக்குத் தப்பி, வெள்ளம் மிகும் நிலைக்கு, ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1985-இல் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயரிட்டு இலக்கணம் வகுத்தார். இந்த வயலையும் வரப்பையும் மறந்துவிடாதீர்கள். சொற்பொழிவு முடியும்வரை இது நமக்குத் துணை வரும்.

சரி, இந்த வெள்ளம் எப்படிப் புற்றுநோயைக் கொண்டுவருகிறது?

1984-இல் ஜப்பானின் கசாய், நிஷிமுரா என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பெரிய உண்மையைக் கண்டார்கள். டி.என்.ஏ.வில் நான்கு எழுத்துகள் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அவற்றில் குவானின் என்ற எழுத்துதான் ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இரையாகிறது. ஓர் ஆக்சிஜன் அணு ஏறிய குவானின், செல் பிரியும்போது தன் இணையை மாற்றிக்கொள்கிறது. சைட்டோசினோடு சேர வேண்டியது அடினினோடு சேர்ந்துவிடுகிறது. அடுத்த பிரிவில் அந்தப் பிழை நிலைத்துவிடுகிறது. ஓர் எழுத்து மாறிவிட்டது. இதைத் திருத்தும் நொதிகளும் நம்மிடம் உண்டு. அவை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கின்றன. ஆனால் பிழைகள் திருத்தும் வேகத்தை மிஞ்சினால்? செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் மரபணுவிலேயே அந்தப் பிழை விழுந்தால்? அன்றுதான் புற்றுநோய்க்கு முதல் வாசல் திறக்கிறது.

இந்த வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறவை எவை? புகையிலையின் புகை. ஒவ்வொரு இழுப்பிலும், எதிரே இருப்பதைக் கடிக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் கோடானுகோடியாக நுரையீரலுக்குள் போகின்றன. எக்ஸ் கதிர்கள். அதிக ஆக்சிஜனின் நச்சும் எக்ஸ் கதிரின் கேடும் ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன என்று 1954-லேயே சொன்னவர் ரெபேக்கா கெர்ஷ்மன் என்ற அர்ஜென்டினாப் பெண்மணி. நெடுநாள் ஆறாத அழற்சி. இரைப்பையில் குடியேறும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி ஆண்டுக்கணக்கில் அழற்சியை மூட்டுகிறது. கிருமியைக் கொல்ல வெள்ளை அணுக்கள் பொழியும் சேர்மங்கள் இரைப்பைச் செல்களையும் தாக்குகின்றன. அங்கே புற்றுநோய்க்கு நிலம் தயாராகிறது. அந்தக் கிருமியைக் கண்ட பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவையெல்லாம் இருக்கட்டும். நம் வீட்டுத் தட்டில், நம் கல்யாணப் பந்தியின் முடிவில், நம் கையாலேயே எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் ஒன்றைப் பற்றி இங்கே நான் சற்று விரிவாகப் பேசியே ஆக வேண்டும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு.

தாம்பூலம் போட்டால் வாய் சிவக்கிறது. சிவக்கச் சிவக்க மென்றால்தான் திருப்தி. அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? பாக்கில் பாலிஃபீனால்கள் இருக்கின்றன. சுண்ணாம்பு வாயில் காரத்தன்மையை ஏற்றுகிறது. அந்தக் காரத்தில் பாக்கின் பாலிஃபீனால்கள் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. நிறம் மாறுகிறது. கூடவே சூப்பராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால் இவை உருவாவதையும், குவானினில் ஆக்சிஜன் ஏறுவதையும் 1980-களில் நடந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. பாக்கு இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது, எச்சில் இருக்கிறது, கன்னத்தின் உட்சதை பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டிய வினையை வாய்க்குள் வைத்து நடத்திக்கொண்டிருக்கிறோம்.

புகையிலை சேர்த்தால்தானே கெடுதல், வெறும் பாக்கு நல்லது, சீரணத்துக்கு உதவும் என்று சொல்பவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் முதல் பிரிவில் வைக்கப்பட்டிருக்கின்றன. பாக்கு மெல்லும் வழக்கம் கன்னத்தின் உட்பகுதியை நார்நாராக இறுகச் செய்கிறது. இரண்டு விரல் நுழையும் அளவுகூட வாய் திறக்க முடியாமல் போகிறது. காரமான குழம்பைச் சாப்பிட முடியாமல் எரிகிறது. அப்படி இறுகிய வாய்களில் ஒரு பகுதி பிறகு புற்றாக மாறுகிறது. பொட்டலத்தில் விற்கும் பாக்கைப் பள்ளிப் பிள்ளைகள் சட்டைப்பையில் வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. இது பழக்கத்தின் பெயரால் நாம் பிள்ளைகளின் வாயில் வைக்கும் நஞ்சு.

இதுவரை சொன்னது கதையின் முதற்பாதி. இதைக் கேட்ட யாருக்கும் ஒரு யோசனை வரும். ஆக்சிஜனேற்றம் புற்றுநோயைக் கொண்டுவருகிறதா? அப்படியானால் ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் புற்றுநோய் வராமல் தடுக்கலாமே! மிக இயல்பான யோசனை. உலகின் சிறந்த விஞ்ஞானிகளுக்கும் இதே யோசனைதான் வந்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருக்கிறது. அவர்கள் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் அதிகமாக இருக்கிறது. எனவே பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள்.

பின்லாந்தில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 29,133 புகைபிடிக்கும் ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. உலகமே திகைத்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது!

தற்செயலாக இருக்கலாம் என்றார்கள். அமெரிக்காவில் அதே வேளையில் இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. புகைபிடிப்போர், புகையை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேர். பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியது. இறப்பு 17 சதவீதம் கூடியது. 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்பே, சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

வைட்டமின் ஈ-யாவது காப்பாற்றுமா? செலினியமாவது காப்பாற்றுமா? 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் சோதித்தார்கள். 2011-இல் வந்த முடிவு: வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம்.

நேர்மையாகப் பேச வேண்டும் என்றால் இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். சீனாவின் லின்சியான் வட்டாரத்தில், சத்துக்குறைவோடு வாழ்ந்த கிட்டத்தட்ட 30,000 பேருக்கு பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது புற்றுநோய் இறப்பு 13 சதவீதம் குறைந்தது. அங்கே வயல் வேறு. சத்துக்குறையால் வரப்பே கரைந்து கிடந்தது. குறையை நிரப்பியபோது நன்மை வந்தது. குறை இல்லாத உடம்பில் மேலும் மேலும் கொட்டியபோது நன்மை வரவில்லை, கேடு வந்தது.

ஏன்? ஏன் இப்படி? நல்லது என்று நினைத்துக் கொடுத்தது ஏன் நோய்க்குத் துணை போனது? இந்தக் கேள்விக்கு விடை காண, நாம் புற்றுநோய்ச் செல்லின் உள்ளேயே போக வேண்டும்.

1991-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் இருவர், மனிதக் கட்டிகளிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை அளந்து பார்த்தார்கள். யாரும் தூண்டாமலே அவை ஏராளமான ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்துகொண்டிருந்தன. வளர், பிரி என்ற செய்தியை அவை தமக்குத் தாமே ஓயாமல் சொல்லிக்கொள்ள அது பயன்படுகிறது. புற்றுநோய்ச் செல் அளவு மீறிய தண்ணீரை வேண்டுமென்றே வயலில் பாய்ச்சிக்கொள்கிறது.

அவ்வளவு வெள்ளத்தில் அது ஏன் அழுகிச் சாகவில்லை? வரப்பையும் உயர்த்திக்கொள்கிறது! நம் எல்லாச் செல்களிலும் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம் இருக்கிறது. காப்பு நொதிகளைச் செய்யும் மரபணுக்களை விழிக்கவைக்கும் தலைமைப் புரதம் அது. கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்துவைத்து, தேவையில்லாத நேரத்தில் அழித்துக்கொண்டே இருக்கிறது. அழுத்தம் வந்தால் கீப்1 பிடி தளரும், என்.ஆர்.எஃப்.2 வேலையைத் தொடங்கும், ஆபத்து தீர்ந்ததும் அடங்கும். இது நல்ல செல்லின் ஒழுங்கு. நுரையீரல் புற்றுநோய்கள் பலவற்றில் கீப்1 மரபணுவே பழுதாகிக் கிடக்கிறது. பிடிப்பவர் இல்லை, காப்பு இரவும் பகலும் ஓய்வின்றி ஓடுகிறது. மரபணு பழுதாகாத இடத்திலும், ராஸ் போன்ற புற்று மரபணுக்களே என்.ஆர்.எஃப்.2-ஐ ஏற்றிவிட்டு, செல்லுக்குள் ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கின்றன என்று 2011-இல் எலிகளில் காட்டினார்கள்.

ஆகவே ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். புற்றுநோய்ச் செல் ஆன்டிஆக்சிடன்டுக்கு எதிரி அல்ல. அதைப்போல் ஆன்டிஆக்சிடன்டை நம்பி வாழும் செல் வேறொன்று இல்லை. வரப்பின் விளிம்புவரை தண்ணீர் தளும்ப, அது நூலிழையில் வாழ்கிறது. அந்த நேரத்தில் நாம் வெளியிலிருந்து மாத்திரை கொடுத்தால் என்ன செய்கிறோம்? அதன் வயலுக்கு நாமே வடிகால் வெட்டிக் கொடுக்கிறோம்.

இது என் கற்பனை அல்ல. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் மார்ட்டின் பெர்கோ குழுவினர், நுரையீரலில் சிறு கட்டிகள் தொடங்கிய எலிகளுக்கு வைட்டமின் ஈ அல்லது என்-அசிட்டில்சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்சிடன்டைக் கொடுத்தார்கள். 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டிகள் வேகமாக வளர்ந்தன. எலிகள் விரைவில் இறந்தன. காரணம் என்ன? டி.என்.ஏ. பழுதானால் பி53 என்ற காவல் புரதம் விழித்துச் செல்லின் பிரிவை நிறுத்தும். மாத்திரை ஆக்சிஜனேற்றத்தைத் தணித்ததும் பழுது குறைந்தது. பழுது குறைந்ததும் பி53 உறங்கிப்போனது. காவல் உறங்கியதும் கட்டி தடையின்றிப் பெருத்தது. பி53-ஐ முன்பே நீக்கிவிட்ட செல்களில் மாத்திரையால் எந்த வேறுபாடும் வரவில்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் பொருந்துகிறது.

அடுத்த ஆண்டு, 2015-இல், டெக்சாஸில் ஷான் மாரிசன் குழுவினர் மெலனோமா என்ற தோல் புற்றுநோயை ஆராய்ந்தார்கள். மனிதரின் மெலனோமா செல்களை எலிகளில் வைத்து, அவை எப்படி ஊர்விட்டு ஊர் போகின்றன என்று பார்த்தார்கள். தோலில் கட்டியாக இருக்கும்வரை செல்கள் சமாளிக்கின்றன. ரத்தத்தில் இறங்கியதும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடிப் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன. வேறு உறுப்புக்குப் போய்க் குடியேறுவது அரிதினும் அரிது. அந்த எலிகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தபோது? குடியேற்றம் கூடியது. புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முதற்கட்டி அல்ல, அதன் பரவல்தான் என்பது இங்குள்ள மருத்துவர்கள் எல்லோரும் அறிந்தது. அந்தப் பரவலைத் தடுத்து நின்ற இயற்கையின் தடையை மாத்திரை விலக்கிவிட்டது.

நண்பர்களே, இப்போது சிகிச்சைக்கு வருவோம். வெள்ளம் விளிம்புவரை நிற்கும் வயலை அழிக்க என்ன செய்ய வேண்டும்? இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும், வரப்பு உடையும். நம் சிகிச்சைகளில் பல அதைத்தான் செய்கின்றன.

கதிர்வீச்சு சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் கதிர் டி.என்.ஏ.வை நேரடியாக உடைப்பது ஒரு பங்கு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சேதத்தை, செல்லில் உள்ள நீரை அது உடைக்கும்போது பிறக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல்தான் செய்கிறது. சிகிச்சைக் கோப்பில் இத்தனை கிரே என்று எழுதியிருப்பார்களே, அந்த அலகு லூயி ஹெரால்டு கிரே என்ற ஆங்கில அறிஞரின் பெயர். ஆக்சிஜன் இல்லாத கட்டியை அழிக்க, ஆக்சிஜன் உள்ள கட்டியைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். கதிர்வீச்சு சிகிச்சையில் ஆக்சிஜனின் இந்தப் பங்கை 1953-இல் அவரும் தோழர்களும் விளக்கினார்கள். நம்மை வாழவைக்கும் அதே ஆக்சிஜன் அங்கே மருத்துவரின் கையில் ஆயுதமாகிறது.

மருந்துகளும் அப்படியே. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்செனிக் ட்ரை ஆக்சைடு தருகிறார்கள். சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் உலகுக்குக் காட்டிய மருந்து அது. புற்றுநோய்ச் செல்லின் புரதங்களைத் தாக்குவதோடு ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் ஏற்றுகிறது. வைட்டமின் ஏ-யின் வழிவந்த மருந்தொன்றோடு சேர்த்துக் கொடுக்கும்போது, ஒரு காலத்தில் நாட்களில் உயிரைப் பறித்த அந்த நோயிலிருந்து இன்று பெரும்பாலோர் குணமாகிறார்கள். டாக்ஸோரூபிசின் என்ற மருந்தும் ராடிக்கல்களை உண்டாக்குகிறது. அதே குணத்தால் இதயத்தையும் பாதிக்கிறது என்பதால்தான் மருத்துவர்கள் அடிக்கடி எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். ஆக, இந்த ஆயுதத்தை யார், எவ்வளவு, எப்போது எடுப்பது என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

அந்தச் சிகிச்சை நடக்கும்போது நாம் வீட்டில் ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால்? கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த 540 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்குப் பக்கவிளைவு சற்றுக் குறைந்தது.  பார்ப்பவர்களுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வைட்டமின் ஈ எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்களுக்கு இரண்டாவது புற்றுநோய் அதிகம் வந்தது. பின்னாளில் இறப்பும் அதிகமானது. நல்ல செல்லைக் காத்த அதே கை, புற்றுநோய்ச் செல்லையும் காத்துவிட்டது.

அப்படியானால் பழம் சாப்பிடக் கூடாதா, கீரை சாப்பிடக் கூடாதா என்று ஒரு தாய் கேட்கலாம். சாப்பிடுங்கள் அம்மா, நன்றாகச் சாப்பிடுங்கள். நெல்லிக்காய், முருங்கைக்கீரை, கொய்யா, தக்காளி எல்லாம் தட்டில் இருக்கட்டும். உணவில் இருப்பது நூறு பொருள்களின் அளவான சேர்க்கை, நாரும் நீரும் சேர்ந்தது. மாத்திரையில் இருப்பது ஒரே பொருள், பல மடங்கு செறிவு. பின்லாந்துக்காரர்கள் கேரட் சாப்பிட்டு நோயுறவில்லை.

இன்று நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை நான்கு.

புகையை நிறுத்துங்கள், புகையிலையை நிறுத்துங்கள், பாக்கை நிறுத்துங்கள். புகையை விடாமல் மாத்திரையால் ஈடுகட்டலாம் என்ற எண்ணத்தைத்தான் பின்லாந்தும் அமெரிக்காவும் சோதித்தன. ஈடாகவில்லை.

வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, திறக்க இறுக்கம் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். நெடுநாள் வயிற்றெரிச்சலுக்கு நீங்களாகவே மருந்து வாங்கிச் சாப்பிட்டுக் காலம் கடத்தாதீர்கள்.

நோய் வராமல் தடுக்கும் என்ற நம்பிக்கையில் அதிக அளவு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளை வாங்கிச் சாப்பிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது வேறு. அதைத் தவறாமல் சாப்பிடுங்கள்.

நான்காவது, எல்லாவற்றிலும் முதன்மையானது. சிகிச்சையில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கோ, அக்காவுக்கோ, கடையில் வாங்கிய எந்தச் சத்து மாத்திரையும், பொடியும், சாறுச் செறிவும் கொடுக்கும் முன், அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். மருத்துவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் நீங்களே கேளுங்கள், கடிந்துகொள்ளாமல் கேளுங்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். நோயின் பலத்திலேயே அதன் பலவீனம் இருக்கிறது என்பதைத்தான் எழுபது ஆண்டுக்கால ஆராய்ச்சி நமக்குக் காட்டியிருக்கிறது. இரும்பின் துணையோடு கொழுப்பை ஆக்சிஜனேற்றிச் செல்லைச் சாகடிக்கும் ஒரு தனி வழி உண்டு. அதற்கு ஃபெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்ததே 2012-இல்தான். மருந்துக்கு அடங்காமல் ஒளிந்திருக்கும் புற்றுநோய்ச் செல்களை அந்த வழியில் வீழ்த்த முடியுமா என்று இப்போது பல ஆய்வுக்கூடங்கள் முயல்கின்றன. நல்ல செல்லைத் தொடாமல் புற்றுநோய்ச் செல்லின் வரப்பை மட்டும் உடைப்பது எப்படி? அந்தக் கேள்வி விடைக்காகக் காத்திருக்கிறது. உங்களில் ஒருவர் அதை எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியலைக் கண்டு ஒதுங்காமல் படியுங்கள்.

அன்பு இருந்தால் மட்டும் போதாது, அறிவும் அதனோடு சேர வேண்டும். விளம்பரத்தை நம்பி மாத்திரை வாங்கும் பணத்தில் நோயாளிக்கு நல்ல உணவு வாங்கிக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சட்டைப்பையில் பாக்குப் பொட்டலத்தைக் கண்டால் நமக்கென்ன என்று போகாதீர்கள். உட்காரவைத்து, இங்கே கேட்டதை எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் ஒவ்வொருவரும் ஒருவருக்குச் சொன்னால் போதும், இந்த அவை இரண்டு மடங்காகிவிடும்.